கண்டகையில் நாய் சிலையைத் தவிர என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டது இது: சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் போகிற வழியில் கண்டகையில் நிறுத்தினீர்கள், பெட்ரோல் போட்டீர்கள், சாப்பாட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் நாய் சிலை பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தீர்கள். மொத்தமே இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு ஆஸ்திரேலியா முழுக்க எப்படி இவ்வளவு புகழ் வந்தது, நாயைத் தவிர அங்கே வரலாறு என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. நான் வாகா வாகாவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன், அங்கிருந்து கண்டகைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதனால் பலமுறை போய் வந்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று முறை நானும் ஹைவே ஓரத்து நாயைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான். அப்புறம் ஒருநாள் ஊருக்குள் இறங்கி, ஆற்றுப் பக்கம் நடந்துபோய், அந்தப் பெரிய வெற்றுப் புல்வெளியைப் பார்த்தபோது ஒரு கேள்வி வந்தது. ஆறு இங்கே, சமதரை இங்கே, நல்ல வண்டல் மண் இங்கே. பிறகு ஏன் ஊர் மட்டும் அங்கே மலைச்சரிவில் ஏறி நிற்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால் கண்டகையின் வரலாற்றில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் பெயர். பலகையில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மவர்கள் பலர் "குண்டகாய்" என்கிறார்கள். ஊர்க்காரர்கள் முதல் அசையை அழுத்தி, "கண்டகை" என்றுதான் சொல்வார்கள். அது விராட்ஜுரி மொழியிலிருந்து வந்த பெயர். விராட்ஜுரி மக்கள்தான் அந்த நிலத்தின் பூர்வகுடிகள்; நியூ சவுத் வேல்ஸின் நடுப்பகுதியில் மூன்று பெரிய ஆறுகளை ஒட்டி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறவர்கள். அதில் ஒரு ஆறுதான் கண்டகையைத் தொட்டு ஓடும் முரம்பிட்ஜி. அந்தப் பெயரும் அவர்கள் மொழியே. பெரிய தண்ணீர் என்று பொருள் சொல்வார்கள். இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது 1820களில். 1829-ல் சார்ல்ஸ் ஸ்டர்ட் என்ற ஆய்வுப் பயணி முரம்பிட்ஜியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனபோது, இந்தப் பகுதியில் ஏற்கனவே ஒன்றிரண்டு மேய்ச்சல்காரர்கள் ஆடு மாட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். காலனி அரசு அப்போது குடியேறலாம் என்று வகுத்திருந்த எல்லைக்கு வெளியே இருந்த நிலம் அது. யாரிடமும் கேட்காமல் வந்து பிடித்தார்கள், அவ்வளவுதான். பிறகு 1830களில் தெற்கே போர்ட் பிலிப் பக்கம், அதாவது இன்றைய மெல்பர்ன் பக்கம், புதுக் குடியேற்றம் கிளம்பியது. சிட்னியிலிருந்து அங்கே மந்தைகளை ஓட்டிக்கொண்டும் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டும் போகிற எல்லாரும் முரம்பிட்ஜியைக் கடந்தாக வேண்டும். கடக்க வசதியான இடங்களில் ஒன்று கண்டகை. ஆற்றைக் கடக்கும் இடம் என்றால் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற இடத்தில் ஒரு சாராயக்கடை வரும், கொல்லன் பட்டறை வரும், மளிகைக்கடை வரும். 1838-ல் அரசிதழில் அறிவித்து முறைப்படி ஊராக்கினார்கள்.

எங்கே ஊராக்கினார்கள் என்பதுதான் விஷயம். ஆற்றுக்கு வடகரையில், முரம்பிட்ஜிக்கும் மார்லிஸ் கிரீக் என்ற சின்ன ஓடைக்கும் நடுவே இருந்த தாழ்வான படுகையில். வண்டிகள் வந்து நிற்க, மாடுகளை நீர் காட்ட, படகுத்துறைக்குப் பக்கத்திலேயே கடை வைக்க அதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் முன்னால் ஆறு, பின்னால் ஓடை. ஆறு நிரம்பினால் அந்த ஓடை வழியாகத் தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றி வரும். அதாவது வெள்ளம் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே, மேட்டுக்கு ஓடும் வழி அடைபட்டுவிடும்.

விராட்ஜுரி மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய தண்ணீர் வரும், இங்கே கட்டாதீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள் என்பது அந்த ஊர் வரலாற்றைச் சொல்கிற எல்லாரும் சொல்லும் செய்தி. யாரும் கேட்கவில்லை. 1844-ல் ஒரு வெள்ளம் ஊருக்குள் வந்து மிரட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு சிலர் மேட்டுப் பக்கம் மாற்று மனை கொடுங்கள் என்று அரசைக் கேட்டார்கள், அரசு கொடுக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய மனையை விட்டுவிட்டு எங்கே போவது? ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். வீடுகளில் பரண் கட்டிக்கொண்டு, தண்ணீர் வந்தால் மேலே ஏறிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சின்ன வெள்ளத்தில் தப்பித்தவர்களுக்கு, இதுதான் வெள்ளத்தின் அளவு என்று ஒரு தைரியம் வந்துவிடும். உலகில் எந்த ஆற்றங்கரையிலும் இப்படித்தான்.

1852 ஜூன் மாதம். அங்கே ஜூன் என்றால் குளிர்காலம், அந்தப் பள்ளத்தாக்கில் ராத்திரி உறைபனி விழும். பல நாளாக மேலே மலைப் பகுதியில் மழை. ஜூன் 24-ம் தேதி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஏறியது, ஓடையும் சேர்ந்துகொண்டது, ஊர் தீவாகிவிட்டது. படகில் கரையேற்ற முயற்சி செய்தார்கள். வேகம் தாங்காமல் படகு கவிழ்ந்து அதிலிருந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் பரணுக்கு ஏறினார்கள், பரணிலிருந்து கூரைக்கு ஏறினார்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு வீடாகப் பெயர்ந்து போகத் தொடங்கியது. கூரையோடு அடித்துக்கொண்டு போனவர்களில் சிலர் வழியில் நின்ற பெரிய யூகலிப்டஸ் மரங்களின் கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே அந்தக் குளிரில், நனைந்த உடம்போடு, கிளையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களில் பலர் கை விறைத்து ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள்.

ஊரில் இருந்தது ஏறத்தாழ 250 பேர். இறந்தவர்கள் குறைந்தது 78, 89 வரைக்கும் இருக்கலாம் என்ற கணக்கும் உண்டு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய வரலாற்றில் அதிக உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் இன்றும் அதுதான். எத்தனையோ பெரிய நகரங்கள் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்த நாட்டில், இந்தக் கணக்கில் முதலிடம் 250 பேர் இருந்த ஒரு சின்ன ஊருக்கு.

மீதிப் பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். விராட்ஜுரி ஆண்கள் நாலு பேர் அந்த வெள்ளத்தில் இறங்கினார்கள். யாரி, ஜாக்கி ஜாக்கி, லாங் ஜிம்மி, டாமி டேவிஸ். முதல் பெயரைத் தவிர மற்றவை வெள்ளைக்காரர்கள் கூப்பிட்ட பெயர்கள் என்று பார்த்தவுடனே தெரியும். இருட்டிலும் பகலிலுமாக, வெள்ளம் வடியும் வரைக்கும், அவர்கள் மரத்துக்கு மரம், கூரைக்குக் கூரை போய் ஆட்களை இறக்கிக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். யாரி மட்டும் 49 பேர், ஜாக்கி ஜாக்கி 20 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். இருவர் காப்பாற்றியது மட்டுமே 69. ஊரில் நாலில் ஒருவருக்கு மேல்.

யாரியின் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது தெரியாமல் அந்த எண்ணிக்கையின் கனம் புரியாது. அது பலகைப் படகு இல்லை, மரப்பட்டை. பெரிய யூகலிப்டஸ் மரமாகப் பார்த்து, ஆள் உயரத்துக்கும் மேலே நீளமாக ஒரு முட்டை வடிவத்துக்குக் கோடாரியால் கோடு வெட்டி, பட்டை கிழியாமல் ஒரே துண்டாக நெம்பி எடுப்பார்கள். பிறகு அதை நெருப்பில் வாட்டி வளைத்து, இரண்டு நுனியையும் மடக்கிக் கட்டியோ களிமண் வைத்து அடைத்தோ, நடுவில் குறுக்காகக் கம்பு கொடுத்து விரித்து வைப்பார்கள். அமைதியான தண்ணீரில் மீன் குத்த, அக்கரைக்குப் போக, அதற்காக இருக்கிற படகு. ஆள் ஏறினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் பெரிது. அந்தப் படகில், மரமும் கூரையும் செத்த மாடும் மிதந்து வருகிற வெள்ளத்தில், இருட்டில், பயத்தில் கத்துகிற ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பவும் அதே வெள்ளத்துக்குள் போக வேண்டும். நாற்பத்தொன்பது பேர் என்றால் எத்தனை தடவை போயிருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கி ஜாக்கிக்குத் துடுப்புப் படகு ஒன்று கிடைத்திருந்தது, அதில் இன்னும் சிலரைச் சேர்த்து ஏற்ற முடிந்தது.

பட்டை உரித்த மரம் சாகாது. காயம் ஆறி, சுற்றிலும் தடித்து, அந்தப் படகின் வடிவம் அப்படியே தழும்பாக நிற்கும். முரம்பிட்ஜி, மர்ரி ஆறுகளின் கரையோரத்தில் இப்படித் தழும்பு உள்ள மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்றை அருகில் போய்ப் பார்த்திருக்கிறேன். தழும்பின் உள்விளிம்பில் கையை வைத்தால், வளர்ந்து உருண்டு வந்த பட்டை உதடு மாதிரி இருக்கும். அதன் நீளம் என்னைவிட ஒன்றரை மடங்கு. இதிலா ஆள் ஏற்றினார்கள் என்றுதான் தோன்றியது.

காப்பாற்றியவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் நிலத்தை வெள்ளைக்காரர்கள் பிடித்து இருபது வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. வேலிக்கும் மந்தைக்கும் நடுவே அவர்களுடைய வேட்டை நிலம் போயிருந்தது. எச்சரித்தும் கேட்காதவர்களை, தங்கள் நிலத்தில் வந்து உட்கார்ந்தவர்களை, உயிரைப் பணயம் வைத்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஏன் என்று அவர்கள் வாயால் சொன்னதாக எழுத்தில் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. அதனால் நான் அவர்கள் மனதுக்குள் புகுந்து காரணம் சொல்லப் போவதில்லை. செய்தார்கள், அது நமக்குத் தெரியும்.

ஊர் என்ன செய்தது? யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தகடு கொடுத்தார்கள். பிறை வடிவத்தில் இருக்கும். பூர்வகுடிகளுக்கு வெள்ளைக்காரர்கள் மரியாதை செய்வதாக நினைத்துக் கொடுத்துவந்த பொருள் அது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் ஆறு பென்ஸ் காசு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையும் அவர்களுக்கு இருந்தது. நன்றி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நிலம் கிடைக்கவில்லை. யாரி 1880-ல் கண்டகை மருத்துவமனையில் இறந்தார். அதே பத்தாண்டு முடிவதற்குள், அந்தப் பகுதி விராட்ஜுரி மக்களில் பலரைக் கண்டகைக்கும் டூமட்டுக்கும் நடுவில் இருக்கும் பிரங்கிள் என்ற இடத்தில் அரசுக் காப்பிடத்துக்குள் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. காப்பாற்றியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே இருக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம், எங்கே வேலைக்குப் போகலாம் என்பதை அதிகாரிகள் முடிவு செய்த காலம் அது. இந்த இரண்டு செய்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும்.

சரி, ஊருக்கு வருவோம். 1853-ல், ஒரே வருடத்தில், மறுபடியும் வெள்ளம் வந்தது, முந்தைய வருடத்தைவிட ஒருபடி உயரமாக. அதற்குப் பிறகு வாதாட யாருக்கும் தெம்பில்லை. ஊரை அப்படியே எடுத்து வடக்கே பர்னாசஸ் மலைச்சரிவிலும், ஆற்றுக்குத் தெற்கே இருந்த மேட்டிலும் வைத்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் ஷெரிடன் தெருவும் தெற்குக் கண்டகையும் இப்படி வந்தவை. நான் முதலில் சொன்ன அந்த வெற்றுப் புல்வெளிதான் பழைய ஊர். இப்போது அங்கே மாடு மேய்கிறது. பழைய மாவாலைக் கட்டடம் ஒன்று மட்டும் அந்தக் காலத்திலிருந்து நிற்கிறது.

தெருப் பெயர்களைக் கவனித்தீர்களா? மலைக்குப் பெயர் பர்னாசஸ், கிரேக்கர்களுக்குக் கலைத்தெய்வங்களின் மலை. அதனால் தெருக்களுக்கும் கவிஞர்கள், நாடக ஆசிரியர்கள் பெயர்: ஹோமர், வர்ஜில், பைரன், ஷெரிடன். ஆற்றின் பெயரையும் ஊரின் பெயரையும் விராட்ஜுரி மொழியிலேயே விட்டுவிட்டு, தெருவுக்கு மட்டும் கிரேக்கத்தையும் ரோமையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த ஊரின் குணமே அந்தக் கலவையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஊர் மேட்டுக்குப் போனதும் வேறு ஒரு சிக்கல். சாலை இன்னும் அந்தப் படுகையைத் தாண்டித்தானே போக வேண்டும்? அதனால்தான் கண்டகை பாலங்களின் ஊர் ஆனது. 1867-ல் ஆற்றின் மேல் இளவரசர் ஆல்பிரட் பாலம் திறந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் இரும்புச் சட்டங்களால் கட்டிய முதல் பாலங்களில் ஒன்று அது. அதன் தூண்களுக்கான இரும்பு உருளைகளை மிட்டகாங்கில் இருந்த ஃபிட்ஸ்ராய் இரும்பாலையில் வார்த்தார்கள். ஆற்றைத் தாண்டினால் போதுமா, படுகையையும் தாண்ட வேண்டும். அதற்காக மரத்தாலேயே நீளமான மேம்பாலம் போட்டார்கள்; 1896-ல் புதுப்பித்துக் கட்டியதுதான் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றது. ரயில் 1886-ல் கூட்டமண்ட்ராவிலிருந்து வந்தது, 1903-ல் டூமட்டுக்கு நீட்டியபோது அதற்கும் தனியாக ஒரு மர மேம்பாலம். மரத்தூண்கள் வரிசை வரிசையாக அந்தப் புல்வெளிக்கு மேலே நடந்து போகும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரயில் 1984-ல் நின்றுபோனது. சாலைக்கான மர மேம்பாலம் உளுத்து, கீழே நடக்கவே ஆபத்து என்ற நிலைக்கு வந்து, 2020களின் தொடக்கத்தில் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஊரில் பலர் வேண்டாம் என்று போராடினார்கள். எனக்கும் அது இழப்புதான். இடிந்தே நின்றாலும், இங்கே தண்ணீர் எவ்வளவு அகலத்துக்கு வரும் என்று ஊருக்கு நினைவுபடுத்திக்கொண்டு நின்ற பொருள் அது.

1977-ல் ஷீஹன் பாலம் வந்து, ஹைவே ஊருக்கு வெளியே போய்விட்டது. நீங்கள் காரில் வந்தபோது ஒரு பெரிய பள்ளத்தாக்கின் மேல் நீளமாக ஒரு பாலத்தில் போயிருப்பீர்கள், அதுதான். 1,143 மீட்டர். ஆறு அந்த இடத்தில் அப்படி ஒன்றும் அகலம் இல்லை. மீதி நீளம் எல்லாம் 1852-ஐ நினைத்துப் போட்டது என்றே சொல்லலாம். பக்கத்திலேயே இரண்டாவது பாலம் 2009-ல் வந்தது. 1974-லும் 2012-லும் ஆறு படுகையை மூடியது. மேலே புரிஞ்சக் அணை கட்டிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும்.

அப்புறம் நீங்கள் கேட்ட நாய். மாட்டுவண்டிக்காரர்கள் காலத்துக் கதை. சேற்றில் வண்டி சிக்கும், மாடு படுத்துவிடும், அச்சு முறியும், எல்லாம் ஒரே நாளில் நடக்கும், கடைசியில் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் நாய் உட்கார்ந்திருக்கும். வாய்வழியாக வந்த பாட்டு. அதில் நாய் பெட்டியைக் காவல் காத்ததா, பெட்டியை அசிங்கம் செய்ததா என்பது யார் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய வண்டிக்காரர்கள் பாடியது இரண்டாவது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எசமான் திரும்பி வராமல் போனாலும் பெட்டியை விட்டு நகராத நாய் என்ற கதை பிறகு நிலைத்தது. பாட்டில் கண்டகையிலிருந்து ஒன்பது மைல், சிலை இருப்பது ஐந்து மைலில். 1932 நவம்பர் 28-ம் தேதி பிரதமர் ஜோசப் லயன்ஸ் வந்து திறந்துவைத்தார். பெரும் பொருளாதார மந்தக் காலம், ஊரில் மருத்துவமனைக்குப் பணம் தேவைப்பட்டது; சிலைக்குக் கீழே இருக்கும் நீர்த்தொட்டியில் விழும் காசு மருத்துவமனைக்குப் போகும் என்று ஏற்பாடு. உங்கள் பிள்ளைகள் காசு போட்டிருந்தால் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த நாயைச் செய்த பிராங்க் ருஸ்கோனி கண்டகையில் வாழ்ந்த சலவைக்கல் தச்சர். அவருடைய வாழ்நாள் வேலை நாய் இல்லை. ஊரில் தகவல் மையத்தில் ஒரு கண்ணாடிக்குள் இருக்கிறது, அடுத்த முறை கட்டாயம் பாருங்கள்: இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு சலவைக்கல் கோபுரம். 20,948 துண்டுகள். 28 வருடம் ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்து, பல நிறக் கற்களை வெட்டித் தேய்த்துப் பொருத்தியது. திருகு படிக்கட்டு மாதிரி முறுக்கிய தூண்கள், விரல் நகத்தைவிடச் சின்ன துண்டுகள். காசுக்காகச் செய்யவில்லை. நம் கல்தச்சர்கள் பார்த்தால் அரை நாள் அந்தக் கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள்.

கொள்ளைக்காரர் கதையும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கேப்டன் மூன்லைட் என்ற ஆண்ட்ரூ ஸ்காட் 1879 நவம்பரில், கண்டகைக்கும் வாகாவுக்கும் நடுவில் இருக்கும் வாண்டபாட்ஜரி பண்ணையைத் தன் கூட்டாளிகளோடு பிடித்தார். போலீசோடு நடந்த சண்டையில் ஒரு காவலரும், மூன்லைட்டின் ஆட்கள் இருவரும் இறந்தார்கள். இறந்த கூட்டாளிகளில் ஒருவரான ஜேம்ஸ் நெஸ்பிட்டைத்தான் மூன்லைட் உயிருக்கு உயிராக நேசித்தார். தன்னையும் அவர் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்று தூக்குக்குப் போவதற்கு முன் எழுதிவைத்தார். 1880 ஜனவரி 20-ல் சிட்னியில் தூக்கு; கேட்டது நடக்கவில்லை, சிட்னியிலேயே புதைத்தார்கள். 115 வருடம் கழித்து, 1995-ல், தோண்டி எடுத்துக் கண்டகைக்குக் கொண்டுவந்து நெஸ்பிட் கிடக்கும் இடுகாட்டிலேயே சேர்த்தார்கள். அதே இடுகாட்டில்தான் அந்தக் காவலரும் இருக்கிறார். யாரியும் இருக்கிறார்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. சார்ல்ஸ் கேப்ரியல் என்ற டாக்டர் 1887-ல் இந்த ஊருக்கு வந்து, 1927-ல் இறக்கும் வரை இங்கேயே வைத்தியம் பார்த்தார். கண்ணாடித் தட்டில் படம் எடுக்கும் காலத்தில் ஊரையே படம் எடுத்துத் தள்ளினார்: ஆஸ்பத்திரி நர்சுகள், வெள்ளம், ஊர்வலம், திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். இன்று அவை கான்பெராவில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒரு சின்ன ஊர் நூறு வருடத்துக்கு முன்னால் எப்படி மூச்சுவிட்டது என்று இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு பெரிய நகரங்களுக்கே அரிது.

ஷெரிடன் தெருவில் நயாகரா கஃபே என்று ஒரு பழைய உணவகம் பார்த்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆஸ்திரேலியாவின் நாட்டுப்புற ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கிரேக்கர் கடை இருக்கும், அதில் நிறையப் பேர் கித்திரா என்ற ஒரே தீவிலிருந்து வந்தவர்கள். நயாகராவும் அப்படித்தான். போர்க்காலத்தில், 1942-ல், பிரதமர் ஜான் கர்டின் ஒரு ராத்திரி நேரம் கழித்து வந்து கதவைத் தட்டி, ஸ்டேக்கும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்பது அந்தக் கடையின் பெருமை. ஹைவே ஊருக்குள்ளேயே போன காலத்தில் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் நடுவே எல்லாரும் நிறுத்திய இடம் கண்டகை. அந்த ஊர்ப் பெயர் பல பாட்டுகளில் வந்ததற்கும் அதுதான் காரணம். பாதி வழி வந்தாச்சு, இன்னும் பாதி இருக்கிறது என்ற நினைப்பு அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

2016-ல் கண்டகை நகராட்சியை அரசு கூட்டமண்ட்ராவோடு சேர்த்துவிட்டது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, பிரித்துவிடச் சொல்லி வருடக்கணக்காகப் போராடினார்கள். ஒரு தடவை ஊரையே தூக்கி மேட்டில் வைத்தவர்கள், எங்கே நிற்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வதை லேசில் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாய்க்கு 1932-லேயே சிலை வந்துவிட்டது, பிரதமரே வந்தார். இவர்களுக்கு 2017 ஜூன் 10-ம் தேதி வந்தது, வெள்ளத்துக்கு 165 வருடம் கழித்து. ஊர்க்காரர்களும் விராட்ஜுரி மக்களும் பல வருடம் சேர்ந்து உழைத்துப் பணம் திரட்டி வைத்தது. பிழைத்தவர்களின் வாரிசுகள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். யாரி ஒரு மரத்திலிருந்து ஒரு ஆளை இறக்கியிராவிட்டால் பிறந்தே இருக்க மாட்டார்கள், அப்படிப்பட்டவர்கள்.

அந்த வெண்கலச் சிலை ஷெரிடன் தெருவிலேயே இருக்கிறது. ஹைவேயிலிருந்து இறங்கினால் ஐந்து நிமிடம், கார் நிறுத்த இடமும் உண்டு. இருவரும் ஆள் அளவில் நிற்கிறார்கள், கூடவே மரப்பட்டைப் படகும் இருக்கிறது. பிள்ளைகளை அந்தப் படகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இதில் எத்தனை பேர் உட்கார முடியும் என்று கேளுங்கள். பிறகு கீழே அந்தப் புல்வெளியைக் காட்டி, ஊர் அங்கேதான் இருந்தது என்று சொல்லுங்கள்.